விளம்பரத்துக்கு ஒரு திறப்பு விழா

எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு அவமானமும் ஒழுங்காகவே வந்து சேரும். நேரம் தவறாது, பாதியில் திரும்பிப் போகாது.

நான் ஒழுங்கானவள். ஒத்தக்கடையில் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும், எங்கே மின்தடை, எந்தப் பேருந்து சுற்றிப் போகிறது என்று தினமும் குறித்துவைப்பேன். அதையே ஓர் இணையதளமாக்கினேன். (வீட்டில் என் குறிப்புகளைக் கேட்க ஆள் கிடையாது.) ஊரே படித்தது. ஆனால் தானாக வந்து விழும் விளம்பரங்களின் வருமானம், தளத்தின் வருட வாடகைக்கே போதவில்லை. "வீட்டுக் காசைத் தொடக் கூடாது. கட்ட முடியலைன்னா மூடிரு" என்று கணவர் சொல்லிவிட்டார்.

கடைசி நம்பிக்கை, மேலூர் சாலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முத்தையா அண்ணன். தளத்தின் உச்சியில் ஒரு வருடம் அவர் கடை விளம்பரம் இருந்தால் பிழைத்துக்கொள்வேன்.

"எம்புட்டுப் பேரு பாப்பாக, தங்கச்சி?"

"ஊரே பாக்கும்ணே."

"அப்பச் சும்மா போட்டா நல்லாயிருக்காது. விழா வச்சிருவோம்."

நான் தடுத்திருக்க வேண்டும். மாறாக, நிகழ்ச்சி நிரல் தயாரித்துக் கொடுத்தேன்.

கடை வாசலில் பந்தல். வாடிப்பட்டியிலிருந்து மேளம். மேசைமேல் என் லேப்டாப். அதற்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். அண்ணனின் சொந்தபந்தம் மொத்தமும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தது. அண்ணன் ரிப்பனை வெட்ட, மேளம் முழங்க, நான் பொத்தானை அழுத்தி, "எல்லாரும் இப்பத் தளத்தைத் திறங்க!" என்று மைக்கில் அறிவித்தேன்.

தண்ணீர் நேரம் தெரிந்தது. மின்தடை தெரிந்தது. உச்சியில் வெள்ளையாக ஓர் இடம்.

"மாப்ள, உன் போன்ல கடை தெரியுதா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்ல மாமா. தெற்குத் தெருவுக்கு நாளைக்குத் தண்ணி வருதாம்."

மேளக்காரர்கள் நிறுத்தலாமா என்று என்னைப் பார்த்தார்கள். அண்ணனின் மனைவி எழுந்தார்.

"நீங்கதான தங்கச்சி, விளம்பரத்த மறைக்கிற ஆட் பிளாக்கர் போடுறது எப்படின்னு எழுதுனீக? அதப் பாத்துத்தான் எங்க குடும்பமே போட்டுக்கிட்டோம்."

எழுதியிருந்தேன். வரிசை எண்ணிட்டு, படங்களோடு, வாசகர் நலனுக்காக. என் லேப்டாப்பிலும் அதே வெள்ளைதான். முந்தின நாள் கணவரின் போனில் சோதித்தபோது விளம்பரம் பளிச்சென்று தெரிந்தது. (நான் எழுதுவதைப் படிக்காத ஒரே ஆள் அவர் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.)

அதோடு நின்றிருக்கலாம். பிளாக்கரை எடுப்பது எப்படி என்று மைக்கிலேயே பாடம் நடத்தினேன். நல்ல மாணவர்கள், எடுத்துவிட்டார்கள். கடை வந்தது. கூடவே வழுக்கைத் தைலமும், சீட்டாட்டமும், எந்த விரலாலும் மூட முடியாத ஒரு தொப்பைக் குறைப்பு வீடியோவும் வந்து, பந்தல் முழுக்க ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின.

"ஆத்தி! மறுபடியும் மறைங்கப்பா!" என்று அலறியவர், எனக்குப் பணம் தர வேண்டிய முத்தையா அண்ணனேதான்.

வீட்டுக்கு வந்து, இதுதான் கடைசிப் பதிவு என்று நினைத்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். கடையின் பெயர், மேளம், அந்த வெள்ளை இடம் உட்பட. எழுதிய செய்தியை எந்தப் பிளாக்கரும் தொடுவதில்லை. மறுநாள், "மேளம் அடிச்ச கடை இதானா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர்கள், ஆளுக்கொரு குக்கரோ கரண்டியோ வாங்கிப் போனார்களாம்.

அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, அந்த வெள்ளைக் கட்டம் வேணாம். தண்ணி நேரத்துக்குக் கீழ தினம் கடையப் பத்தி ஒரு வரி எழுதிவிடுங்க. காசு அதுக்குத் தாரேன்."

"விளம்பரம்னு சொல்லித்தான் எழுதுவேன்ணே."

"சொல்லுங்க. ஊரே பாத்துருச்சு, இனி என்னத்த மறைக்க?"

தானாக வரும் விளம்பரங்களை அன்றே நீக்கினேன். தளம் இன்றும் ஓடுகிறது.

வீட்டில்தான் விடுவதாக இல்லை. போன வாரம் புது மிக்ஸி வாங்கினோம். பெட்டியைப் பிரித்து, துடைத்து, பொத்தானில் கை வைத்தேன். கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இரு, மேளத்துக்குச் சொல்லிட்டு வாரேன்."