டிஸ்குக்குப் பதினாறாம் நாள்

உலகத்தில் கம்ப்யூட்டர் நிபுணர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அழிக்க வேண்டிய டிஸ்குக்குப் பதினாறு நாள் துக்கம் காத்து, பதினாறாம் நாள் ஆபீஸ் முழுக்க உளுந்து வடை கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். வங்காளத்துக் கிடர்பூரில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் அவரோடு ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அவருடைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடும் ‘தா’வை ஒட்டவைத்து எல்லோருக்கும் அவர் டிஸ்க்தா. அவர் மனைவியே போன் செய்து, “டிஸ்க்தா இருக்காரா?” என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டிவிட்டது நான்தான். அவர் அந்த ஆபீஸை விட்டுப் போனதற்குக் காரணமும் நான்தான். முதலாவதை ஊர் முழுக்கச் சொன்னேன், இரண்டாவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். அதுவரை எங்கள் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி டிஸ்க். ஒன்று நிரம்பி வழியும், பக்கத்திலேயே இன்னொன்று காலியாகக் கிடக்கும். ஒரு வீட்டுத் தொட்டி வழிந்துகொண்டிருக்க, அடுத்த வீட்டுக்காரர் குடத்தோடு நிற்பது மாதிரி. கம்பெனி ஒருநாள் எல்லா டிஸ்குகளையும் ஒரே பீரோவில் அடுக்கி, நடுவில் ஒரு சுவிட்சை வைத்து, கண்ணாடி இழைக் கேபிளால் எல்லா சர்வர்களையும் அதோடு இணைத்தது. ‘சான்’ என்று அதற்குப் பெயர். எந்த சர்வருக்கு எவ்வளவு இடம், எது எதைப் பார்க்கலாம், எது எதைப் பார்க்கவே கூடாது என்று கட்டியாள ஓர் ஆள் வேண்டும். டிஸ்க்தா வந்து சேர்ந்தார்.

கண்ணாடி இழையை வளைக்கலாம், மடக்கக் கூடாது. மடக்கினால் உள்ளுக்குள் உடைந்துபோகும். இந்த விதியை அவர் கேபிளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. செய்தித்தாளைச் சுருட்டித்தான் வைப்பார். விடுப்பு விண்ணப்பத்தைக்கூடச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுப்பார், மேலாளர் மொண்டல் பாபு அதை இரண்டு பேப்பர்வெயிட் வைத்துப் படிப்பார். பெஹாலாவில் அவர் வீட்டில் மனைவி வேட்டி மடிக்கும்போது, “மெதுவா, மெதுவா” என்று பக்கத்திலேயே நிற்பாராம்.

அவரிடம் இடம் வாங்குவது, பெண் கேட்டுப் போவதைவிடக் கஷ்டம். நான் டேட்டாபேஸ் பொறுப்பில் இருந்ததால் மாதத்துக்கு இரண்டு தடவை போய் நின்றாக வேண்டும்.

“டிஸ்க்தா, நூறு ஜிபி வேணும்.”

“எதுக்கு?”

“டேட்டா வளருது.”

“வளருதுன்னா? போன மாசம் எவ்ளோ இருந்துது, இன்னிக்கு எவ்ளோ இருக்கு? எழுதிக் காட்டு.”

எழுதிக் காட்டினால் நாற்பது கிடைக்கும். அதையும் தாத்தா சொத்தை எழுதிக் கொடுக்கிற முகத்தோடுதான் கொடுப்பார். “பீரோ பாதி காலியாமே?” என்று மொண்டல் பாபு ஒருநாள் மடக்கிப் பார்த்தார். “காலி இல்ல சார், ரிசர்வ்” என்றார் டிஸ்க்தா. எவ்வளவு ரிசர்வ் என்பது அவருக்கும் அவர் குலதெய்வத்துக்கும் மட்டுமே தெரியும்.

இனி அந்தப் பதினாறு நாள் விவகாரம். ஒரு சர்வரை ஓய்வெடுக்க அனுப்பினால், அதன் டிஸ்கை அவர் உடனே அழிக்க மாட்டார். சுவிட்சில் இணைப்பை மட்டும் துண்டிப்பார். யார் கண்ணுக்கும் அது தெரியாது, உள்ளே இருப்பது மட்டும் அப்படியே இருக்கும்.

“யாருக்காவது வேணும்னா பதினாறு நாளுக்குள்ள அழுதுக்கிட்டு வருவாங்கம்மா. வந்தா திருப்பிக் குடுத்துடலாம். வரலையா, காரியத்தை முடிச்சிடலாம்.”

பக்கத்து மேஜை சுபிர் இதை எதிர்த்து வாதாடினான். “எங்க வீட்டுல பதினோராம் நாளே ஷ்ராத்தோ முடிஞ்சுடும் டிஸ்க்தா. அஞ்சு நாள் மிச்சம்.”

“உன் டிஸ்க் போனா நீ பதினொண்ணு வெச்சுக்கோ. இது என் டிஸ்க்.”

பதினாறாம் நாள் காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வருவார். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அழிப்பார். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய தூக்குவாளியைத் திறப்பார். அந்த வடைக்கு வங்காளிகள் அடிமையாகிப் போனார்கள். “அடுத்து எது சாகும் டிஸ்க்தா?” என்று ஆவலோடு கேட்பார்கள். வடைக்காக ஒரு நல்ல சர்வரை நிறுத்திவிடலாமா என்று சுபிர் யோசித்ததை நான் அறிவேன்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் நான்கு வருஷத்தில் மூன்று பேர் நிஜமாகவே அழுதுகொண்டு வந்தார்கள். பணியாளர் பிரிவுக்காரர் பதினைந்தாம் நாள் வந்தார். மூன்று பேருக்கும் அவர்கள் பொருள் திரும்பக் கிடைத்தது.

நான்காவது ஆள் வந்தபோதுதான் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் பூஜை விடுமுறைக்கு முன்னால் டைரக்டர்கள் வருவதாக இருந்தது. மறுநாள் அவர்களுக்கு என் புதிய புரோகிராமைக் காட்ட வேண்டும். காலையில் பார்த்தால் டேட்டாவை ஏற்ற இடம் போதவில்லை. டிஸ்க்தா அன்று வீட்டுக்காரர் போட்ட வழக்குக்காக அலிப்பூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். போனில் பிடித்தேன்.

“மத்தியானம் வந்து ரிசர்வ்லேர்ந்து குடுக்கறேம்மா. அதுவரைக்கும் ஒரு டீ குடி.”

எனக்கு டீ குடிக்கப் பொறுமை இல்லை. டேட்டா ஏற நாள் முழுக்க ஆகும். ஒரு பழைய சர்வரின் டிஸ்க் அப்போது ஐந்தாம் நாள் துக்கத்தில் இருந்தது. ‘இதை யாரும் பயன்படுத்தவில்லை’ என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். அவருடைய பாஸ்வேர்டும் என்னிடம் இருந்தது. “மாஜேர்ஹாட் பாலத்துல பஸ் மாட்டிக்கிச்சுன்னா இங்க யாரு பாக்கறது?” என்று சொல்லி, அந்த ஆபீஸிலேயே என் ஒருத்தியிடம்தான் அதைக் கொடுத்து வைத்திருந்தார். என் மேஜையில் உட்கார்ந்தபடியே அவர் பெயரில் உள்ளே போனேன். டிஸ்கை அழித்து, என் சர்வருக்கு எடுத்துக்கொண்டேன். மத்தியானம் அவர் வந்தபோது, “சமாளிச்சுட்டேன் டிஸ்க்தா” என்றேன். மறுநாள் டைரக்டர்கள் கை தட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து ஹால்தார் பாபு படியேறி வந்தார். துறைமுகத்தில் சேதமான சரக்குகளின் ஆவணங்களைப் பார்ப்பவர். மாதத்துக்கு ஒரு தடவைதான் கம்ப்யூட்டரைத் தொடுவார். எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவருடைய ஆறு மாத ஆவணங்கள் அந்த டிஸ்கில்தான் இருந்தன. டேப்பில் நகல் எடுக்கும் பட்டியலிலிருந்து அந்த சர்வரின் பெயரை முன்பே அடித்திருந்தார்கள், அதுவும் நான் சொல்லித்தான்.

மூன்றாம் நாள் விசாரணை. மொண்டல் பாபுவின் அறையில் அவர், ஹால்தார் பாபு, டிஸ்க்தா, நான் என்று நான்கு பேர்.

“யார் அழிச்சது?”

“லாகின் என்னோடது சார்” என்றார் டிஸ்க்தா.

“பதினாறு நாள் வெச்சிருப்பியே, அது என்ன ஆச்சு?”

“இந்தத் தடவை விட்டுட்டேன்” என்றார்.

அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது. பயமாகவும் இருந்தது. இவை காரணங்களே இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

அவரைத் துறைமுகத்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதுகிற வேலை. எட்டு மாதத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பீரோ அறையின் சாவி என் கைக்கு வந்தது. அவர் மேஜையைச் சுத்தம் செய்தபோது அடி டிராயரில் ஒரு பிரிண்ட் கிடைத்தது. அந்த டிஸ்க் அழிந்த நேரம், லாகின் பெயர், எந்த மெஷினிலிருந்து என்ற விவரம். என் மெஷினின் நம்பருக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். பிரிண்ட் எடுத்தது விசாரணைக்கு முந்தின நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு பெஹாலாவுக்கு ஓடினேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் பேச விட்டால்தானே! எந்த டிஸ்க் சூடாகிறது, சுபிர் கேபிளை மடக்குகிறானா, ரிசர்வைக் கண்டுபிடித்தேனா என்று ஒரு மணி நேரம் கேள்விகளாகக் கேட்டார். வாசல்வரை வந்து, “ரூம் உன் கைக்கு வந்ததுல எனக்கு நிம்மதிம்மா” என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்து பஸ் ஏறினேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படியே எத்தனையோ அடுத்த வாரங்கள் போயின.

போன மாதம் சுபிர் போன் செய்து, டிஸ்க்தா இறந்துபோய்விட்டார் என்றான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹால்தார் பாபுவின் ஆவணங்களை அழித்தது டிஸ்க்தா இல்லை, நான்.

அன்று அந்த வாசலில் நின்று சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். “அதான் தெரியுமே, உள்ள வா, சாப்பிட்டுட்டுப் போலாம்” என்றிருப்பார். அதை அவர் வாயால் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.