பெட்டியைப் பற்றிய முதல் அபிப்பிராயம்

மக்கள் யாவரும் வீட்டிலிருந்தபடியே அறிவாளிகளாக வேண்டும் என்று மேலிடம் நல்லெண்ணத்தோடு தீர்மானித்தது. அதன்படி மிக்ஸியைவிடக் குறைந்த விலையில் ஒரு வீட்டுக் கணினி அறிவிக்கப்பட்டது. அறிவித்த கையோடு, அதைப் பற்றிய முதல் அபிப்பிராயங்களைத் திரட்ட ஒரு தனி இலாகாவும் திறந்தாயிற்று. கணினிக்கு முன்னால் இலாகா தயாராகிவிட்டதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

செய்தியைப் படித்துத் துள்ளிக் குதித்தவள் மூன்றாம் மாடி டைப்பிஸ்ட். வீட்டிலேயே ஒரு பழைய டைப்ரைட்டரை வைத்து அச்சகத்துக்கு வேலை செய்து கொடுப்பவள். அந்த மெஷின் வரிக்கு ஒரு தடவை அடம்பிடிக்கும். பக்கவாட்டில் ஓர் அறை விட்டால்தான் நகரும். அச்சக முதலாளியோ, "அடுத்த மாசத்துலேருந்து கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொடும்மா. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் காலண்டரைப் பார்த்து நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

புருஷனுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. எதைக் காட்டினாலும் "பிரமாதம்!" என்பார். ஒழுகுகிற கூரையைக்கூட அப்படித்தான் சொன்னார். கட்டடத்தில் அவருக்குப் பெயரே பிரமாதம்தான்.

காத்திருந்து காத்திருந்து, ஒருவழியாகப் பெட்டி வந்து இறங்கியது. பளபளவென்ற அட்டை, மேலே சிரிக்கிற குடும்பத்தின் படம். பின்னாலேயே மூச்சு வாங்க மாடியேறி வந்தார் அபிப்பிராய அதிகாரி.

கத்தியோடு பாய்ந்தவளை அவர் கையமர்த்தினார். "அவசரப்படாதீங்கம்மா. திறக்கக் கூடாது."

"திறக்காம எப்படி சார் அபிப்பிராயம் சொல்றது?"

"நாங்க கேக்கறது முதல் அபிப்பிராயம். திறந்து பார்த்துட்டுச் சொன்னா அது ரெண்டாவது அபிப்பிராயம் ஆயிடும். அதுக்கு இன்னும் இலாகா தொடங்கலை."

"அப்ப எப்பதான் திறக்கறது?"

"அந்த இலாகா வரட்டும். அதுவரைக்கும் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு நீங்கதான் பொறுப்பு. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டாள்.

பிரமாதம் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் சட்டை தைப்பதை நிறுத்திவிட்டுப் பெட்டிகளுக்கு வெல்வெட் உறை தைக்கத் தொடங்கினார். மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு. சத்தமே போடுவதில்லை, சூடாவதில்லை, கரண்ட் பில் ஏறவே இல்லை என்று புகழ்ந்து தள்ளினார்கள்.

டைப்பிஸ்ட்டுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மாதம் முடியப்போகிறது. அபிப்பிராயமாவது ஒன்றாவது, பிழைப்பு போய்விடுமே! புருஷன் ஆபீசுக்குக் கிளம்பியதும் கதவைத் தாழிட்டு டேப்பைக் கிழித்தாள்.

உள்ளே தெர்மோகோல். அதன் நடுவில் கணினி உட்காருவதற்கான பள்ளம், வெகு கச்சிதமாக. உட்காரத்தான் கணினி இல்லை.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கத்தலாம் என்று வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். திறந்தது யார்? அவள். பொறுப்பு யாருக்கு? அவளுக்கு. நல்ல நிலையில் பெற்றுக்கொண்ட கணினி எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

எதிர்வீட்டுக்கு ஓடினாள். "அக்கா, கொஞ்சம் டேப் இருக்குமா?"

தையல்காரர் மனைவி எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு சுருளை எடுத்து வந்தாள். பெட்டியில் ஒட்டியிருந்த அதே பழுப்பு நிற டேப். "கடைசிச் சுத்துதான் மிச்சம் இருக்கு. மேல்வீட்டுக்காரங்க, கீழ்வீட்டுக்காரங்க எல்லாரும் வாங்கிட்டுப் போனாங்க. பார்த்து ஒட்டும்மா, ஓரம் தூக்கிக்கும்."

இருவரும் ஒரு கணம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்புறம் பார்த்துவிட்டார்கள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் அதிகாரி வந்தார். "முதல் அபிப்பிராயம் சொல்லுங்கம்மா."

"எடை ரொம்பக் குறைவு சார். வீட்டுல ஒரு பொருள் இருக்கிற மாதிரியே தெரியலை."

"ஆகா! எப்படி வார்த்தை வருது பாருங்க!" அவர் கண் டைப்ரைட்டரில் போய் நின்றது. "டைப் அடிப்பீங்களா? இலாகாவுல அபிப்பிராயம் மலையா குவிஞ்சு கிடக்கு. அடிக்க ஆளில்லை."

"அங்கே கம்ப்யூட்டர் இல்லையா சார்?"

"இல்லாமலா! ஆளுக்கு ஒண்ணு இருக்கு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாங்களும் திறக்கலை." சொல்லிக்கொண்டே, பெட்டியில் லேசாகத் தூக்கியிருந்த டேப்பின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டார்.

அதற்கப்புறம் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. டைப்ரைட்டரே போதும் என்று அச்சக முதலாளியே ஆள் அனுப்பிக் கெஞ்சியும், "இப்ப முடியாது சார், கம்ப்யூட்டர் வேலை தலைக்கு மேல இருக்கு" என்று சொல்லி அனுப்பினாள். இலாகாவுக்காக அவள் இப்போது டைப் அடித்துக்கொண்டிருந்தது அடுத்த அறிவிப்பு: "பொதுமக்களின் ஏகோபித்த பாராட்டைத் தொடர்ந்து, எடை மேலும் குறைக்கப்பட்ட இரண்டாம் மாடல் விரைவில் வெளிவருகிறது."

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த புருஷன், "பிரமாதம்! நமக்கும் ஒண்ணு சொல்லி வைம்மா" என்றார்.

"நேத்தே பணம் கட்டிட்டேன்" என்றாள் அவள். "எதிர்வீட்டுல வாங்கறாங்க. நாம வாங்கலேன்னா நல்லா இருக்குமா?" என்று கேட்டபடியே மெஷினுக்குப் பக்கவாட்டில் ஓர் அறை விட்டாள்.