வெள்ளிவிழாக் குரல்

அறிவிப்பாளர் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். பழைய டேப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அவற்றில் பதிந்ததுதான் இல்லை.

அந்த வானொலி நிலையம் முதலில் விவசாயச் செய்தி சொன்னது. அடுத்து வந்த மேனேஜர் நேயர் விருப்பம் என்றார். அதற்கடுத்தவர் நாள் முழுக்கச் செய்தி, நாலாமவர் நாள் முழுக்க அரட்டை. ஒவ்வொருவரும் சிக்கனம் என்று முந்தையவரின் டேப்பிலேயே அழித்துப் பதிந்தார்கள். இவர்களுக்காகக் குரலை ஏற்றி இறக்கி இருபது வருஷத்தில் அறிவிப்பாளர் அலுத்துப்போயிருந்தார்.

இப்போதைய ஐந்தாவது மேனேஜர் பேச்சே வேண்டாம், பாட்டு போதும் என்கிற கட்சி. ஆனாலும் வெள்ளிவிழாவுக்குப் பழைய நிகழ்ச்சிகளை ஒரு மணி நேரம் போடச் சொல்லியிருந்தார். நேயர்களுக்குப் பிடித்தால் பேச்சு இருக்கும், இல்லையென்றால் அறிவிப்பாளர் வீட்டுக்குப் போகலாம்.

வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலேயே பழசைத் தயாரித்தார். கரகர ஓசைக்கு மனைவி பிஸ்கட் காகிதத்தைக் கசக்கினாள். வினாடி வினாவில் கலந்துகொண்டு சைக்கிளும் ஜெயித்தாள்.

"இருமலை மட்டும் அடக்குங்க. அந்தக் காலத்துல நீங்க இருமினதில்லை" என்றாள்.

மேனேஜர் போட்டுக் கேட்டார். பதிவு இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, யார் குரல் என்று புருவத்தை உயர்த்தினார். குட்டு உடைந்துவிடும் என்ற பயத்தில் அறிவிப்பாளருக்கு வாயில் வந்தது பொய்தான்.

"எனக்கு முன்னாடி இருந்த பெரியவர் சார்."

பதிவிலிருந்த குரலில் உற்சாகம் இருந்ததால், அது அலுத்துப்போன இவருடையது என்ற சந்தேகமே மேனேஜருக்கு வரவில்லை.

நிகழ்ச்சி ஒலிபரப்பானதும் டெலிபோன் ஓயவில்லை. தன் கல்யாணத்தன்று காலையில் இதே நிகழ்ச்சியைக் கேட்டதாக ஒருவர் சத்தியம் செய்தார். அடுத்து ஒரு அம்மா.

"அந்தப் போட்டியில ஜெயிச்சது நான்தாங்க. சைக்கிள் இன்னும் வந்து சேரலை."

அந்த அம்மாவின் வாயை அடைக்க, அனுப்பி வைக்கிறோம் என்று அறிவிப்பாளர் சொல்லிவைத்தார். பக்கத்திலேயே ஒலிவாங்கி திறந்திருந்தது. ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. அரை மணி நேரத்தில் அந்தச் சைக்கிளை ஜெயித்தவர்கள் பதினோரு பேர் ஆனார்கள். பன்னிரண்டாவதாகக் கூப்பிட்டது அவர் மனைவி.

நடக்காத நிகழ்ச்சிக்கு இத்தனை சாட்சியா என்று தலையைப் பிடித்துக்கொண்டாலும் அடுத்த டெலிபோனை ஓடிப்போய் எடுத்தார். இத்தனை வருஷம் சுவரோடு பேசவில்லை, யாரோ கேட்டிருக்கிறார்கள். வேலை தப்பியது என்று நாற்காலியில் சாய்ந்தார்.

மேனேஜர் அறையிலிருந்து ஒலிப்பதிவாளர் வெளியே வந்தார்.

"அண்ணே, பேச்சு இருக்கட்டும்னுட்டார். உங்க இடத்துக்கு அந்தப் பெரியவரைக் கூப்பிடணுமாம், அவர் நம்பரை உங்ககிட்ட வாங்கிட்டு வரச் சொன்னார்."