தோணி போகட்டும், பார்க்கலாம்

அந்த ஏப்ரல் மாதம் பில்பாவோ ஊர் மொத்தமும், எங்கள் கால்பந்து கிளப் அத்லெத்திக், கோப்பையை ஜெயிக்கணும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. தோற்கணும் என்று வேண்டிக்கொண்டவன் ஒரே ஒருத்தன். நான்தான். பெயர் எலாதியோ, பூட்டு சாவி ரிப்பேர் கடை. இதை என் பக்கத்து வீட்டு கோர்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்ல மனுஷன்தான், ஆனால் இந்த விஷயத்தில் கை நீட்டிவிடுவான்.

அதற்காக என்னைத் துரோகி என்று நினைக்கவேண்டாம். நான் பிறந்த அன்று என் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கிளப்புக்குப் போய் என் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் சர்ச்சுக்கே போனார். கிளப் என்றால் சும்மா இல்லை. 1898-ல் ஆரம்பித்தது. எங்கள் மண்ணில் பிறந்தவன், இல்லாவிட்டால் எங்கள் மண்ணில் பந்து பழகினவன், அவனுக்குத்தான் இடம். அடுத்த ஊர்க்காரனை விலைக்கு வாங்குகிற வேலையே கிடையாது. அப்படியும் எட்டு தடவை லீக் ஜெயித்திருக்கிறோம். முதல் பிரிவிலிருந்து ஒருநாளும் கீழே இறங்கினதில்லை. ஸ்பெயின் முழுக்கத் தேடினாலும் இறங்காத கிளப் மூன்றுதான். கல்யாணமான புதிதில் இதை நான் மார்தட்டிச் சொன்னபோது என் மனைவி கர்மெலே, "கிளப் இறங்க வேண்டாம். நீ கொஞ்சம் இறங்கி வா" என்றாள். அன்றிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறேன்.

மற்ற ஊர்களில் கோப்பை கிடைத்தால் ஆட்டக்காரர்களை பஸ் மேலே ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். எங்களுக்கு ஆறு இருக்கிறது. கபர்ரா என்று ஒரு சரக்குத் தோணியும் இருக்கிறது. அதில் கோப்பையோடு எல்லோரையும் ஏற்றிக் கடல் பக்கமிருந்து ஊருக்குள் கொண்டுவருவோம். கடைசியாக அது வந்தது 1984-ல். அப்புறம் கோப்பையும் இல்லை, தோணியும் இல்லை. அதனால் முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்ல மனசில்லாதவர்கள் எல்லோரும், "தோணி போகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லப் பழகிவிட்டோம். சம்பளம் கூட்டிக் கேட்டால் முதலாளி அதைத்தான் சொல்லுவார். கல்யாணம் எப்போடா என்றால் பிள்ளைகளும் அதைத்தான் சொல்லும்.

நானும் சொன்னேன். 1991-ல், கல்யாணமாகி மூன்றாவது மாதம்.

சான் மமேஸ் மைதானத்தில் எனக்கு ஒரு இடம் உண்டு. அப்பா வழியில் வந்தது. பக்கத்து இடம் கோர்காவுடையது. ஆட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே இருப்பேன். கர்மெலே வீட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டு என் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். நான் திரும்பி வந்து, எதிராளி எப்படி கோல் போட்டான் என்று தப்புத் தப்பாக விளக்குவேன். மைதானத்தையே பார்க்காதவள், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் முன்னே ஏறிப் போனதுதான் காரணம் என்று சரியாகச் சொல்லுவாள். உண்மையைச் சொன்னால், என்னைவிட அவளுக்குத்தான் அந்த ஆட்டம் தெரியும். அது எனக்குப் பிடிக்காது.

ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை நான் போறேனே எலாதியோ. நீ ரேடியோ கேளு" என்றாள்.

என்ன சொல்லி மறுப்பது? எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தோணவில்லை. தோணிதான் தோணியது.

"தோணி போகட்டும் கர்மெலே. ஒரு ஞாயிறு என்ன, எல்லா ஞாயிறும் என் இடம் உனக்குத்தான்."

"சத்தியமா?"

"அத்லெத்திக் மேல சத்தியம்."

அம்மா மேல் செய்த சத்தியத்தை மீறினால் எங்கள் ஊரில் மன்னித்துவிடுவார்கள். இதற்கு மன்னிப்பே கிடையாது.

வருஷங்கள் ஓடின. 2009-ல் இறுதி ஆட்டம், தோற்றோம். 2012, தோற்றோம். 2015, தோற்றோம். 2021-ல் பதினைந்து நாளுக்குள் இரண்டு இறுதி ஆட்டம், இரண்டிலும் தோற்றோம். ஒவ்வொரு தடவையும் தெருவில் கோர்காவைக் கட்டிக்கொண்டு நெஞ்சு வெடிக்க அழுவேன். வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்துக்கான உறுப்பினர் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. 2015 ஆகஸ்டில் சூப்பர் கோப்பையை ஜெயித்துத் தொலைத்தார்கள். கர்மெலே கழுத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நல்லவேளை, அந்தக் கோப்பைக்குத் தோணி விடவில்லை. பூட்டுக்காரன் இல்லையா நான், சந்து கிடைத்தால் சாவியை நுழைத்துவிடுவேன். கோப்பை என்று நான் சொல்லவே இல்லை, பேச்சு தோணியைப் பற்றி மட்டும்தான் என்றேன். அவள் சண்டை போடவில்லை. கோர்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் எதிரில் என்னை அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச்சொன்னாள். "பேச்சு தோணி மட்டும்தான். தோணி போனா இடம் உனக்கு" என்று நானும் வாய் நிறையச் சொன்னேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

2024-ல் அரையிறுதி ஜெயித்ததும் கர்மெலே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு திண்டு தைக்க ஆரம்பித்தாள். உட்காருகிற திண்டு. யாருக்கு என்று கேட்டேன். "இடுப்பு வலி இருக்கிறவங்களுக்கு" என்றாள். எனக்கு இடுப்பு வலி கிடையாது.

இறுதி ஆட்டத்தை எங்கள் வீட்டு டி.வி.யில் மூன்று பேரும் பார்த்தோம். மயோர்க்கா முதல் கோல் போட்டது. கோர்கா தலையில் கைவைத்துச் சரிந்தான். நான் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"ஏன் சிரிக்கிற?" என்றாள் கர்மெலே.

"அழுதுட்டிருக்கேன்."

"கண்ணு அழுது. மீசை சிரிக்குது."

அப்புறம் எங்கள் பிள்ளைகள் சமன் செய்தார்கள். கூடுதல் நேரமும் போய், பெனால்டி வந்தது. அங்கேதான் என் திட்டம் பாழானது. கடைசி உதைக்கு எங்கள் ஆள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். அது உள்ளே போனால் ஊருக்குக் கோப்பை, வெளியே போனால் எனக்கு இடம் மிஞ்ச ஒரு வாய்ப்பு. வெளியே போ, வெளியே போ என்று மனசுக்குள் சொல்லலாம் என்று இருந்தவன், தரையில் மண்டிபோட்டு, "பெகோன்யா மாதாவே, உள்ள போகணும், உள்ள போகணும்" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. பந்து உள்ளே போனது. கோர்காவின் வழுக்கையில் முத்தம் கொடுத்தேன், மேசை விளக்கை உடைத்தேன், ஜன்னலைத் திறந்து தெருவில் போன முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் என் ஆயுசில் வந்ததில்லை. திரும்பிப் பார்த்தால் கர்மெலே கன்னத்தில் கண்ணீர் வழிய உட்கார்ந்து, திண்டுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை தோணி என்று அறிவித்தார்கள். நாலு நாள் தூக்கமில்லை, பசியில்லை. கர்மெலே உப்பு மீனை வெள்ளைப்பூண்டும் எண்ணெயுமாகச் சுண்டவைத்து எதிரில் வைத்தாள், அது கூடத் தொண்டையில் இறங்கவில்லை. புதன்கிழமை கடையில் ஒரு பழைய பூட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று ஒன்று பிடிபட்டது. எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி இரண்டு தட்டு மீன் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை ஆற்றங்கரையில் எள் போட்டால் எள் விழாது. பாலத்தில் ஜனம், கூரையில் ஜனம், விளக்குக் கம்பத்தில் கூட இரண்டு பேர். கர்மெலே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் சின்னப் படகுகள் ஊதிக்கொண்டு வர, நடுவில் அது வந்தது. நாற்பது வருஷம் கழித்து. அவள் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் தேம்பினேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

"கர்மெலே, அந்தத் தோணிக்கு முன்னால என்ன தெரியுது?"

"இழுவைப் படகு."

"நடுவுல?"

"கயிறு."

"அப்ப தோணி போகுதா? இழுத்துட்டுப் போறாங்க. அதுக்கு இன்ஜினே கிடையாது. நான் சொன்னது தோணி போனா. இது போகல. கொண்டுபோறாங்க."

பக்கத்தில் நின்ற கோர்கா வாயைப் பிளந்தான். அப்படி ஒரு பேச்சு பேசிவிட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. கர்மெலே தோணியைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். கடைசியில் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நம்ம குடும்பம் எப்படி ஓடுதுன்னு யாராவது கேட்டா நீ என்ன சொல்லுவ?"

"நல்லா ஓடுதும்பேன்."

"முப்பத்துமூணு வருஷமா அது தானா ஓடுதா எலாதியோ?"

முன்னால் நின்ற அம்மாள் திரும்பி அவளைக் கட்டிக்கொண்டாள். விளக்குக் கம்பத்தில் இருந்தவன் கைதட்டினான். கோர்கா, நட்பு என்ற வார்த்தைக்கே அர்த்தம் தெரியாத அந்த கோர்கா, என் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தான். கர்மெலே அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்குத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. ஒரு அட்டைக்கு ஒருத்தி முப்பத்துமூன்று வருஷம் காத்திருந்திருக்கிறாள், நான் கயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் இருந்தது.

அந்த ஞாயிறே சான் மமேஸில் ஆட்டம். திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கர்மெலே கிளம்பினாள். வாசலில் கோர்கா காத்திருந்தான். முப்பது வருஷத்தில் எனக்காக ஒருநாளும் காத்திருக்காதவன். கேட்டால், அவள் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை கட்டிக்கொண்டு வருகிறாளாம், நான் ஒருநாளும் கொண்டுபோனதில்லையாம். கர்மெலே என்னிடம் ரேடியோவைக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியையும் காட்டினாள்.

சாயங்காலம் திரும்பி வந்து, நாங்கள் வாங்கின கோல் எப்படி விழுந்தது என்று விளக்கினாள். சரியாகவே விளக்கினாள். நான் சட்டையை மடித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தேன்.

"எல்லா ஞாயிறும் வேண்டாம் கர்மெலே. வருஷத்துக்கு ஒரே ஒரு ஞாயிறு எனக்குக் குடேன்."

"அதுக்கென்ன. தோணி போகட்டும், பார்க்கலாம்."

எனக்குள் ஒரு குஷி. இப்போது இருக்கிற அணிக்கு அடுத்த வருஷமே தோணி போனாலும் போகும்.

"சத்தியமா?"

"அத்லெத்திக் மேல சத்தியம்," என்றாள் கர்மெலே. "ஆனா தானா போகணும். இழுத்துட்டுப் போனா செல்லாது."