சாமான் அறையில் ஒரு காதுப் பரிசோதனை

மனிதன் நேர்வழியை விட்டு விலகுவதற்கு மதுவோ சூதோ வேண்டியதில்லை. ஒரு புகைப்படம் போதும். லிஃப்ட் ஆய்வாளர் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது.

அலுவலக நண்பர்கள் நால்வர் சேர்ந்து நடத்திய இசைக்குழுவில் அவர் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேஸ் கிதார் வாசித்து வந்தார். நான்கே கம்பிகள் கொண்டு, மற்றக் கருவிகளுக்கெல்லாம் அடியில் நின்று, 'தும், தும்' என்று பாட்டைத் தாங்கிப் பிடிக்கும் கருவி அது. அது நின்றுபோகும்வரை எவரும் அதைக் கவனிப்பதில்லை. சென்ற மாதப் பிரிவுபசார விழாவில் எடுத்த படம் அலுவலக இதழில் வெளியானது. பாடகர் முழுமையாக இருந்தார். டிரம்ஸ்காரர் முழுமையாக இருந்தார். ஆய்வாளரின் இடது முழங்கை மட்டும் இருந்தது.

அன்பர்களே, இத்தகைய வேளையில் விவேகமுள்ளவன் தன் வாசிப்பைச் சோதிப்பான். நம் ஆய்வாளரோ தம் கிதாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். "இந்தக் கட்டையை மாட்டிக்கொண்டு நின்றால் யார்தான் பார்ப்பார்கள்?" என்று தீர்ப்பளித்தார். இனி வாசித்தால் 'சிக்னேச்சர் மாடல்' என்று சூளுரைத்தார். புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் தம் விருப்பப்படி செய்யச் சொல்லி, தலைப்பகுதியில் தம் கையெழுத்தையும் பொறித்துக்கொள்ள இசைந்த கிதாருக்கு அப்படிப் பெயர். அத்தகைய இரண்டு அவர் உறக்கத்தைக் கெடுத்தன. ஒன்று மொட்டைத் தலை மேதை ஒருவருடையது. மற்றது நீண்ட தாடி மேதை ஒருவருடையது.

இடையில் ஒரு கடல் குறுக்கிட்டது. ஆறாண்டு கழித்து முதன்முறையாகக் கணவனும் மனைவியும் கடற்கரை விடுதியில் ஏழு நாள் தங்குவதாக இருந்தார்கள். அதற்கென்று ஒதுக்கிய தொகையில் ஒரு மேதையைத்தான் வாங்க முடியும். வாங்கினால் கடல் இல்லை. அம்மையாரோ நாள்காட்டியில் அந்த ஏழு நாள்களையும் நீல மையால் வட்டமிட்டு வைத்திருந்தார்.

ஆய்வாளர் ஆழ்ந்து சிந்தித்து ஒரு தந்திரம் கண்டார். 'வாங்கலாமா?' என்று கேட்டால் பதில் தெரிந்ததே. ஆகவே அந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது. 'எதை வாங்கலாம்?' என்று கேட்க வேண்டும். ஞாயிறு மாலைக்குள் திருப்பித் தருவதாகக் கடைக்காரரிடம் வாக்களித்து, சனிக்கிழமையே இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"என்னங்க இது, வீட்டுக்குள்ள ரெண்டு சவப்பெட்டி?"

"கிதார்மா. ஒண்ணுதான் வாங்கப்போறோம். எதுன்னு நீதான் சொல்லணும்."

"வாங்கப்போறோமா?"

"எதைன்னுதான் கேட்டேன்."

"அப்ப கடல்?"

"கடல் எங்க போயிடப் போகுது? அடுத்த வருஷமும் அங்கேயேதான் கிடக்கும்."

"கிதாரும் அடுத்த வருஷம் கடையில கிடக்குமே."

"இது கொஞ்சம்தான் செஞ்சிருக்காங்க. தீர்ந்துபோயிடும்."

"கடல் மட்டும் என்ன, கிடங்குல நிறைய இருக்கா?"

ஆய்வாளர் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பெட்டிகளைத் திறந்தார். "இங்க பாரு. மொட்டையோடது லேசான மரம். சத்தம் கணீர்னு மணி மாதிரி இருக்கும். தாடியோடது கனமான மரம், கழுத்து தடிமன். சத்தம் கம்பளி போத்தின மாதிரி இதமா இருக்கும்."

"கழுத்து தடிமனா இருந்தா விலை கூடவா?"

"கூடத்தான்."

"அப்ப உங்க அக்காவுக்கு நல்ல விலை போகும். சரி, உங்க பழசு?"

"அது வெறும் கட்டை."

"இது?"

"இதுவும் கட்டைதான். ஆனா பேசற கட்டை."

அம்மையார் சினப்பார் என்று எதிர்பார்த்த ஆய்வாளருக்கு ஏமாற்றம் காத்திருந்தது. அவர் இரண்டையும் நிதானமாகத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். அவருடைய தொழில் அப்படி. மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பவர் அவர். அடைத்த அறைக்குள் ஆளை உட்கார வைத்து, வெளியிலிருந்து ஒலி கொடுத்து, கேட்கிறதா இல்லையா என்று குறித்துக்கொள்வது அன்றாட வேலை.

"இந்த வித்தியாசமெல்லாம் உங்க காதுக்குத் தெரியுதா?"

"கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்!"

"அப்ப சொல்லிடுங்க. நாளைக்குக் காலைல பத்து தடவை மீட்டறேன். எட்டு தடவை சரியாச் சொன்னா, பிடிச்சதை வாங்கிக்குங்க. கடல்னு வாயைத் திறக்க மாட்டேன்."

"தப்பாச் சொன்னா?"

"ரெண்டு சவத்தையும் கடையில சேர்த்துட்டு, துணிமணி எடுத்து வைங்க."

வாய் தந்த வீரத்தில் ஆய்வாளர் ஒப்புக்கொண்டார். அம்மையார் வெளியே போன நேரத்தில் இரண்டையும் மாறி மாறி வாசித்துப் பார்த்தார். மரம் வேறு, கழுத்து வேறு, கையெழுத்து வேறு. ஒலி மட்டும் உடன்பிறந்ததுபோல் இருந்தது. அப்போது அவர் பார்வை கிதாரின் வயிற்றிலிருந்த 'டோன்' என்னும் குமிழின்மேல் விழுந்தது. அதை முழுவதும் திறந்தால் ஒலி கணீரென்று வரும், மூடினால் மந்தமாகும். பன்னிரண்டு ஆண்டுகளில் தம் பழைய கிதாரில் அவர் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. இன்று தொட்டார். மொட்டையின் குமிழை முழுவதும் திறந்தார். தாடியின் குமிழை இறுக மூடினார். பின்பு நல்லவரைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு நாளிதழ் படித்தார்.

மறுநாள் காலை அம்மையார் அவரைச் சாமான் அறைக்குள், கவிழ்த்த வாளியின்மேல் உட்கார வைத்து, தாளும் பென்சிலும் கொடுத்துக் கதவைச் சாத்தினார். கூடத்தில் ஆம்ப் என்னும் ஒலிபெருக்கி முனகியது.

"தயாரா?"

"மீட்டு!"

கணீரென்றது.

"மொட்டை! ஆகா, என்ன கம்பீரம்! மரம் பேசுது பாரு!"

"எழுதுங்க, போதும். ரெண்டாவது."

மந்தமாக ஒலித்தது.

"தாடி! அனுபவம் தெரியுதா? ஒரு தத்துவஞானி தொண்டையைச் செருமற மாதிரி!"

"மூணாவது."

"மறுபடியும் தாடி! என்னை ஏமாத்தலாம்னு பாக்கறியா?"

"ஐயோ, உங்களை முடியுமா? நாலு."

நான்கும் ஐந்தும் பழுதில்லாமல் கடந்தன. ஆறாவது ஒலி கணீரென்றும் இல்லை, மந்தமாகவும் இல்லை. ஆய்வாளர் வாளியின்மேல் நெளிந்தார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"இன்னொரு தடவை மீட்டு."

மீட்டினார்.

"தாடிதான்... ஆனா..."

"ஆனா?"

"பாதி மழிச்ச தாடி!"

வெளியே யாரோ இருமலை அடக்குவதுபோல் ஓர் ஓசை கேட்டது. மீதி நான்கும் நீர் ஓடுவதுபோல் ஓடின. பத்தாவது முடிந்ததும் ஆய்வாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வெற்றி வீரராக வெளிவந்தார். வந்த வேகத்தில் நின்றார். இரண்டு பெட்டிகளும் பூட்டியபடி சுவரில் சாய்ந்திருந்தன. சாவிகள் மேசைமேல் கிடந்தன. அம்மையாரின் மடியில் இருந்தது, ஆய்வாளர் கட்டை என்று தள்ளிவைத்த பழைய கிதார்.

"அதை எப்ப எடுத்தே?"

"முதல்லேருந்தே இதுதான்."

"பத்தும்?"

"பத்தும். காலைல ரெண்டையும் எடுத்துப் பார்த்தேன். நேத்து நான் தூக்கிப் பார்த்தப்ப ரெண்டு குமிழும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. இன்னிக்கு ஒண்ணு முழுசாத் திறந்திருக்கு, ஒண்ணு இறுக்கி மூடியிருக்கு. சரின்னு இதுலேயே திருகினேன். திறந்தா உங்க மொட்டை வந்தாரு. மூடினா தாடி வந்தாரு. நடுவுல விட்டேன், பாதி மழிச்சவரும் வந்தாரு. தினமும் கேட்குது, கேட்கலைன்னு பொய் சொல்றவங்க காதைப் பாக்கறதுதாங்க என் பொழைப்பு. என் காதுலேயே பூ சுத்தறீங்களே!"

ஆய்வாளரின் முகத்தில் அசடு வழிந்தது. தன் வீட்டுச் சன்னலைத் திறக்காமலே காற்று வேண்டி ஊரெல்லாம் வாடகை வீடு தேடியலைந்த ஒருவனைக் கற்பனை செய்து பாருங்கள். அவனுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? கையிலிருக்கும் பொருளின் ஆற்றலை அறியாதவனுக்கு, மேதையின் கையெழுத்தும் வெறும் கிறுக்கலே. இதை நம் இளைஞர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தோல்வியை அப்படியே ஒப்புக்கொள்வது கணவர்களின் இயல்பன்று. ஆய்வாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணு கவனிச்சியா? கிதார் எதுவா வேணா இருக்கட்டும். குமிழ் இத்தனூண்டு திரும்பினதைக்கூட என் காது பிடிச்சிருச்சு. அதுவும் கதவு சாத்தின அறையிலேருந்து!"

"அதுல சந்தேகமே இல்லீங்க. அபாரமான காது."

"சும்மா வாயால சொன்னாப் போதாது. எழுதிக் கொடு. குழுவுல காட்டணும்."

அம்மையார் மறுக்கவில்லை. கைப்பையிலிருந்து தாள் எடுத்து, அழகிய கையெழுத்தில் எழுதினார்: 'இவருடைய இரு செவிகளும் பழுதற்றவை. அடுத்த அறையிலிருந்து, கதவு சாத்தியிருக்கையில் வரும் மிக மெல்லிய ஒலியும் இவருக்குத் தெளிவாகக் கேட்கிறது.'

"படிச்சுப் பாத்து, சம்மதம்னு கீழே கையெழுத்துப் போடுங்க."

ஆய்வாளர் பெருமிதத்துடன் படித்தார். தலைப்பகுதியில் பொறித்தாற்போல் வளைவு நெளிவோடு கையெழுத்திட்டார். மேதைகள் கடைக்குத் திரும்பினார்கள். பயணத்துக்கு இடம் பதிவாயிற்று. அன்று மாலை அவர் சோபாவில் கால் நீட்டி, நாளிதழால் முகத்தை மறைத்துக்கொண்டு சாய்ந்தார். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க! இந்தப் பாத்திரத்தையெல்லாம் கொஞ்சம் தேய்ச்சுக் கொடுங்களேன்!"

வழக்கம்போல் அவர் ஒரு பக்கம் புரட்டினார்.

"கேட்கலைன்னு நடிக்காதீங்க. கையெழுத்துப் போட்டிருக்கீங்க."