சத்தமே கேட்காத என்ஜின்

மனிதனை மனிதன் உட்கார வைத்துத் தள்ளுகிற காலம், புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணியோடு முடிவடைந்தது. சுங்க ஆபீஸ் குமாஸ்தா அரிகிருஷ்ணன் தன் வீட்டு வாசலில் நின்று இதை அறிவித்தான்.

"பிரெஞ்சுக்காரன் போயிட்டான். அவனோட அதுவும் போவணும்," என்று தெருமுனையைக் காட்டினான்.

தெருமுனையில் பாவாடை தன் புஷ்புஷ் வண்டியில் தானே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். சவாரிக்காரர் முன்னால் உட்கார்ந்து கம்பியைத் திருப்ப, பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுகிற வண்டி அது.

"அது அப்பறம் போவட்டும். மொதல்ல நாம போவணும்," என்றாள் அவன் மனைவி கமலவேணி.

முதலியார்பேட்டையில் அன்று அவள் அக்காவுக்கு வளைகாப்பு. கமலவேணியின் கையில் கண்ணாடி வளையல்கள்தான் கிடந்தன. தங்க வளையல்கள் மோட்டார் சைக்கிளாக மாறி வாசலில் நின்றன. மோட்டார் வாங்கியது அவள் அப்பா சுப்பராயனுக்குத் தெரியும். இந்த மாற்றம் தெரியாது.

"வளைகாப்புல எல்லாரும் கையத்தான் பாப்பாங்க," என்றாள்.

"வண்டியில போய் எறங்குனா எவன் கையப் பாக்கறான்?" என்று அரிகிருஷ்ணன் புதுத் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

அவனுடைய துரை கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப்போன வண்டி அது. அவன் வருஷக்கணக்கில் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து ஏங்கியது. மதிலுக்கு மேலே துரையின் தொப்பியும் நெஞ்சும் மட்டும் தெரியும், வழுக்கிக்கொண்டு போவார். சத்தமே கேட்காது. அப்படிப்பட்ட என்ஜின். ஓட்டிக் காட்டுங்கள் என்று ஒரு துரையிடம் கேட்பது மரியாதையில்லை என்பதால் அவன் கேட்கவில்லை. வாங்கிய நாள் அஷ்டமி என்பதால் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். இன்றுதான் முதல் சவாரி.

உதைத்தான்.

"பாத்தியா, சத்தமே வரல," என்றான் பெருமையாக.

"வண்டியும் வரல," என்றாள் கமலவேணி.

மறுபடி உதைத்தான். வேட்டிதான் அவிழ்ந்தது.

பாவாடை எழுந்து வந்தார். "சார், நான் ஒண்ணு சொல்லட்டா?"

"நீ சும்மா இருப்பா. இது என்ஜின். தள்ற சமாச்சாரம் இல்ல."

எதிர்வீட்டு இராமதாஸ் ஸ்பானரோடு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்சன் வாங்குகிற சொல்தா.

"முசியே, இதுமாதிரி சைகோன்ல எத்தன பாத்திருக்கேன்," என்று பிளக்கைக் கழற்றினார். அது கறுத்திருந்தது. கமலவேணியிடம் புளி வாங்கித் தேய்த்தார். பிளக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

"ஈரம்," என்று அதை அடுப்பில் காட்டினார். பிளக் மறுபடி கறுத்தது.

பிறகு பெட்ரோல் குழாயைப் பிடுங்கினார். பெட்ரோல் கமலவேணியின் பட்டுப்புடவைக் கரையில் பாய்ந்தது.

"வளையலும் போச்சு, பொடவையும் போச்சு," என்றாள் அவள். கோபப்படத் தெம்பில்லாத குரல்.

கடைசியாக இருவரும் சேர்ந்து உதைத்தார்கள். உதைக்கிற கம்பி கழன்று காலோடு வந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு தரையில் சில திருகாணிகள் மிஞ்சின.

"இது அதிகப்படி. பிரெஞ்சுக்காரன் தாராளமா வெப்பான்," என்று அவற்றை அரிகிருஷ்ணன் கையில் கொடுத்துவிட்டு இராமதாஸ் சாப்பிடப் போனார்.

"சார், நான் ஒண்ணு..." என்றார் பாவாடை.

"நீ வேறயாப்பா."

"நல்ல நேரம் முடியப்போவுது," என்றாள் கமலவேணி. "பாவாடண்ணன் வண்டியிலயே போயிடலாங்க."

"புஷ்புஷ்ல போய் எறங்குனா ஒங்கப்பா என்ன கேப்பாரு தெரியுமா? மோட்டார் எங்க மாப்ளன்னு கேப்பாரு. அப்பறம் வளையல் எங்கன்னு கேப்பாரு."

வெயில் ஏறிவிட்டது. அரிகிருஷ்ணன் வண்டியைப் பார்த்தான். வண்டி அவனைப் பார்த்தது.

"சக்கரம் உருளுது இல்ல சார்," என்றார் பாவாடை மெதுவாக.

அரிகிருஷ்ணன் தெருவின் இரு பக்கமும் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பாவாடை பின்னால் கை வைத்தார்.

"நான் நடந்தே வரேன். அந்த மனுசன் ரெண்டு பேரத் தள்ள வேணாம்," என்று கமலவேணி சீர்த்தட்டோடு பின்தொடர்ந்தாள்.

முதலியார்பேட்டையில் மாமனார் வீட்டு நெஞ்சளவு மதில் தெரிந்ததும் அரிகிருஷ்ணன் காலைத் தரையில் ஊன்றப் பார்த்தான். மதிலுக்கு உள்ளே பந்தலடியில் சுப்பராயன் நின்றுகொண்டிருந்தார்.

"நிறுத்துப்பா. பாத்துடுவாரு."

பாவாடை நிறுத்தவில்லை. "தொப்பிய நேரா வெச்சிகினு நிமிந்து ஒக்காருங்க. நான் குனிஞ்சிக்கறேன்."

அரிகிருஷ்ணன் நிமிர்ந்தான். வண்டி மதிலோரமாக வழுக்கிக்கொண்டு போனது.

"மாப்ள வராரு பாருங்க," என்று உள்ளேயிருந்து சுப்பராயனின் குரல் எழுந்தது. "என்னா வண்டிய்யா. சத்தமே கேக்கல."

பந்தலிலிருந்த அத்தனை தலைகளும் மதில் பக்கம் திரும்பின. வாசல் வழியாக உள்ளே போன கமலவேணியின் கையை ஒருவரும் பார்க்கவில்லை.

அரிகிருஷ்ணன் திரும்பாமல், உதடு அசையாமல் கேட்டான்: "குனிஞ்சா மதிலுக்கு அந்தாண்ட தெரியாதுன்னு ஒனக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"இதத்தான் சார் காலையிலேருந்து சொல்ல வந்தேன்," என்றார் பாவாடை, குனிந்தபடியே. "ஒங்க ஆபீஸ் மதிலோரமா தொரைய இதே வண்டியில தெனமும் நான்தான் இப்பிடித் தள்ளிகினு போவேன்."