கேக்குக்குப் பிடித்த குடை

அன்புள்ள அஞ்சலோ சித்தப்பா,

ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வலிக்கு மாதாவிடம் நேர்ந்திருக்கிறோம். அன்று படகில் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அந்த மூன்று தட்டுக் கேக், டீவிப் பெட்டிக்குள் வருகிற ரெஜிபோமில் செய்து மேலே ஐசிங் பூசியது. செய்த சுலோஜனா அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும்.

றிக்சன் அண்ணாவின் கலியாணம் மறுநாள் மூதூர்க் கோயிலில். கிண்ணியாப் பாதையால் வான் வண்டியில் கொண்டுபோனால் கேக் குலுங்கிச் சரியும், கடலென்றால் மெத்தை மாதிரி என்று அப்பா தீர்மானித்து, எங்கள் போன்களை நனையாமல் வானில் அனுப்பிவிட்டு, படகோட்டி நஸ்ரி நானாவின் படகில் கேக்கையும் என்னையும் ஏற்றித் தானும் ஏறினார். நடு விரிகுடாவில் எஞ்சின் இருமி நின்றது. நானாவின் போனில் சார்ஜ் இல்லை. காற்று எங்களை வெளிக்கடல் பக்கம் தள்ளத் தொடங்கியது. முதலில் நிழல், பிறகு தண்ணீர், சாப்பாடு கடைசி என்று எங்கேயோ வாசித்ததைச் சொன்னேன். ஓம், சரியான கதை என்று அப்பா இருந்த ஒரே குடையைக் கேக்குக்குப் பிடித்தார். இருந்த ஒரே தண்ணீர்ப் போத்தலையும் ஐசிங் உருகாமலிருக்க அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"சேர், குடைய புள்ளைக்குக் குடுங்க. கேக்குக்குத் தலையிடி வராது" என்றார் நானா.

"நஸ்ரி, ராவானால் எங்கட உயிரே இதுக்குள்ளதான். கீழ்த்தட்டு மட்டும் மூண்டு நாளைக்குச் சாப்பிடக் காணும்."

அதைக் கேட்டபிறகுதான் நானா எஞ்சின் கயிற்றை விட்டுவிட்டு ஆறுதலாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் எப்படி வாயைத் திறப்பேன்? பின்னேரம் நானா ஒரு துண்டு கேட்டார். இப்ப ஏலாது, கலியாணக் கேக் என்று அப்பா மறுத்து, எங்களிருவரையும் கரையைப் பார்த்துக் கையாட்டச் சொல்லிவிட்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் கேக்குக்குத் தனியாகக் காவலிருந்தார். பொழுதுபட ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கட்டியிழுத்தது. அத்தனை பசியிலும் கேக்கைத் தொடாத அப்பாவை நினைத்துப் பெருமைப்பட்டேன், சித்தப்பா.

சித்திக்கு எங்கள் அன்பு. ஆண்டவர் உங்கள் முழங்காலையும் உங்களையும் காக்கட்டும்.

நிலுஷா

பி.கு.: மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெட்டுவதற்கென்று, கீழ்த்தட்டின் பின்பக்கம் ஒரேயொரு துண்டு உண்மைக் கேக் வைத்து ரிபன் கட்டியிருந்தா சுலோஜனா அக்கா. மறுநாள் ரிபன் ஒழுங்காகத்தான் இருந்தது. கத்தி இறங்கிய இடத்தில் ஒன்றுமில்லை. அண்ணா வெறும் விரலை அண்ணிக்கு ஊட்டினார். முதலில் கைதட்டியது அப்பா.